குரூப் 4: மலைப்பாக இருக்கும் பாடத்திட்டத்தை எங்கே, எப்படிப் பிரிப்பது?

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் குரூப் 4 தேர்வு பற்றி வந்த கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவருக்கு வயது 29. பி.ஏ. முடித்தவர், இரண்டு குழந்தைகளின் தாய். ஜவுளிக்கடையில் காலை ஒன்பதரை முதல் இரவு எட்டரை வரை வேலை. "குரூப் 4 எழுதி அரசு வேலைக்குப் போக வேண்டும் என்பது கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஆசை. ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை எல்லாப் புத்தகத்தையும் வாங்கினேன். மொத்தப் பக்கத்தை ஆறு மாதத்துக்கு வகுத்து, தினம் 40 பக்கம் என்று அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டினேன். பத்து நாள்கூட ஓடவில்லை. பெரிய இலக்கைச் சின்னச் சின்னதாகப் பிரித்துக்கொள் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். நானும் பிரித்துத்தானே பார்த்தேன்? வேலையை விட்டால்தான் முடியுமோ?" என்று கேட்கிறார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு கிளை நூலகத்தில் இந்தத் தேர்வுக்கு வகுப்பு எடுக்கிறவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். உங்களைப் போன்ற நிலையில் இருக்கும் பெண்கள்தான் அந்த வகுப்பில் அதிகம். சுவரில் ஒட்டிய அட்டவணை இல்லாத வீடே அவர்களில் கிடையாது. அதனால் உங்கள் முயற்சியில் சோம்பலோ அக்கறைக் குறைவோ இருப்பதாக நான் நினைக்கவில்லை. நீங்கள் செய்தது வகுத்தல். படி அமைப்பது வேறு வேலை.

40 பக்கம் என்பதை யோசித்துப் பாருங்கள். நாற்பதாவது பக்கத்தில் எதுவும் முடிவதில்லை. ஒரு பாடத்தின் நடுவில் நிற்கிறீர்கள். அன்று இரவு படுக்கும்போது "இன்றைக்கு எனக்கு இது தெரிந்தது" என்று சொல்ல ஒன்றும் இல்லை. "40 பக்கம் ஓட்டினேன்" என்றுதான் சொல்ல முடியும். அப்புறம், எல்லாப் பக்கமும் ஒரே கனம் என்று அந்த அட்டவணை நினைத்துக்கொள்கிறது. ஆறாம் வகுப்பு சமூக அறிவியலில் 40 பக்கத்தை ஒரு மணி நேரத்தில் தாண்டிவிடலாம். பத்தாம் வகுப்புக் கணக்கில் 4 பக்கம் ஒரு வாரம் பிடிக்கும். எல்லாவற்றையும் விடப் பெரிய கோளாறு, ஒரு நாள் தவறினால் மறுநாள் 80 பக்கம், அதுவும் தவறினால் 120. கந்து வட்டி மாதிரி பாக்கி ஏறிக்கொண்டே போகும். குழந்தைக்கு இரண்டு நாள் காய்ச்சல் வந்தால் போதும், அட்டவணையை நிமிர்ந்து பார்க்கவே மனம் வராது. பத்தாவது நாள் நின்றதில் ஆச்சரியமில்லை.

அப்படியானால் படி எது? என் கணக்கில் மூன்று குணங்கள் இருந்தால்தான் அது படி. முடிந்தது என்று உங்களுக்கே தெரிய வேண்டும். முடிந்த பிறகு, முன்னால் செய்ய முடியாத ஒன்றைச் செய்ய முடிய வேண்டும். முழுக்க முழுக்க உங்கள் கையில் இருக்க வேண்டும்.

இதற்கு ஆதாரமாக நான் அடிக்கடி சொல்லும் ஆய்வு ஒன்று உண்டு. ஆல்பர்ட் பண்டூரா, டேல் ஷங்க் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 1981இல் வெளியிட்டது. கணக்கில் மிகவும் பின்தங்கிய, கணக்கென்றாலே பிடிக்காத சின்னப் பிள்ளைகளுக்கு 42 பக்கக் கழித்தல் பயிற்சியைக் கொடுத்து, ஏழு அமர்வுகளில் தாமாகவே கற்கவிட்டார்கள். ஒரு குழுவிடம் "ஒவ்வொரு அமர்விலும் 6 பக்கம் முடிக்கப் பாருங்கள்" என்றார்கள். இன்னொரு குழுவிடம் "ஏழாவது அமர்வு முடியும்போது 42 பக்கமும் முடிந்திருக்கட்டும்" என்றார்கள். கணக்கு ஒன்றுதான், சொன்ன விதம்தான் வேறு. 6 பக்கம் என்று கேட்ட பிள்ளைகள் கழித்தலில் நன்றாகத் தேறினார்கள், தம் மேல் நம்பிக்கை வந்தது, கணக்கில் ஆசையும் வந்தது. 42 பக்கம் என்று தூரத்து இலக்கைக் கேட்ட பிள்ளைகளுக்கோ, இலக்கே இல்லாத பிள்ளைகளை விடப் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. இதுவும் பக்கக் கணக்குத்தானே என்று நீங்கள் கேட்கலாம். அங்கே ஒவ்வொரு 6 பக்கமும் கழித்தலில் ஒரு தனித் திறனைச் சொல்லிக்கொடுக்கும் தொகுப்பு. ஆறாவது பக்கத்தில் ஏதோ ஒன்று கைவசமாகிவிடும். உங்கள் 40 பக்கத்தில் அது இல்லை.

சரி, குரூப் 4க்கு வருவோம். புத்தகத்திலிருந்து தொடங்காமல் வினாத்தாளிலிருந்து பின்னோக்கி வாருங்கள். மொத்தம் 200 கேள்விகள், கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண், 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். ஒரே தேர்வுதான், நேர்காணல் கிடையாது. 200இல் 100 கேள்விகள் தமிழ். அந்தப் பகுதியில் 40 சதவீதம், அதாவது 150க்கு 60 எடுத்தால்தான் மீதியைத் திருத்தவே செய்வார்கள். மறு பாதியில் பொது அறிவு 75, திறனறிவு எனப்படும் கணக்கும் புதிரும் 25. தரம் பத்தாம் வகுப்பு. தவறான விடைக்கு மதிப்பெண் பிடித்தம் இல்லை.

இந்தச் சின்னத் தகவலை வைத்துப் பார்த்தாலே உங்கள் புத்தகக் குவியல் வேறு மாதிரி தெரியும். கடலளவு இருக்கும் சமூக அறிவியல், அறிவியல், நடப்பு நிகழ்வு எல்லாம் சேர்ந்து 75 கேள்விகள். தமிழ் மட்டும் 100. பாதி வேலை தமிழில் இருக்கிறது. ஆனால் புத்தகம் வாங்கியவுடன் பெரும்பாலானோர் உட்காருவது வரலாற்றில். முதல் பாடம் கதை மாதிரிப் போகும், படித்த திருப்தி இருக்கும். அந்தத் திருப்தியை நம்பி இருக்க முடியாது.

ஆகவே முதல் படி படிப்பது அல்ல. தேர்வாணையத்தின் இணையதளத்தில் பழைய வினாத்தாள்களும் விடைக்குறிப்பும் இருக்கின்றன. ஒன்றைப் பிரிண்ட் எடுத்து, ஒரு விடுமுறை நாளில், ஒன்றும் படிக்காமல் அப்படியே மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுதுங்கள். எழுதும்போது ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் ஒரு குறி போடுங்கள்: உறுதியாகத் தெரிந்ததற்கு ஒன்று, இரண்டில் ஒன்று என்று குழம்பியதற்கு ஒன்று, சும்மா அடித்ததற்கு ஒன்று. பிடித்தம் இல்லாத தேர்வில் குத்துமதிப்பாக அடித்ததும் சரியாக விழும். அதையும் சேர்த்துக் கூட்டினால் உங்கள் உண்மையான நிலை தெரியாது. குறி போட்டிருந்தால் தெரியும். மதிப்பெண் எவ்வளவு வந்தாலும் கவலை வேண்டாம். உங்களுக்கு வேண்டியது "இரண்டில் ஒன்று" என்று குறி போட்ட கேள்விகள். அவைதான் ஏறக்குறைய கைக்கு எட்டியவை. முதல் மாதப் படிகள் எல்லாம் அந்தப் பட்டியலிலிருந்து வர வேண்டும்.

இரண்டாவதாக நான் கணக்கைச் சொல்வேன், பலர் இதற்கு முகம் சுளிப்பார்கள். 25 கேள்விதானே, எனக்குக் கணக்கே வராது, விட்டுவிடுகிறேன் என்பார்கள். ஆனால் தலைப்புகளின் எண்ணிக்கைக்கு ஒரு முடிவு இருப்பது கணக்கில்தான். சுருக்குதல், சதவீதம், மீப்பெரு பொது வகுத்தி, மீச்சிறு பொது மடங்கு, விகிதம், தனிவட்டி, கூட்டுவட்டி, பரப்பளவு, கனஅளவு, காலமும் வேலையும், அப்புறம் பகடை, புதிர், எண் தொடர் என்று ஒரு தாளில் எழுதிவிடலாம். ஒரு தலைப்பு முடிந்தால் முடிந்ததுதான். வரலாறு மாதிரி மூன்று மாதத்தில் கரைந்து போகாது. எதையும் முடித்துப் பழகாதவருக்கு, முடித்த சுகம் முதலில் கிடைக்க வேண்டிய இடம் இது.

"கணக்கு வராது" என்பதை எப்படி உடைப்பது என்று ஒரே ஒரு கேள்வியை வைத்துக் காட்டுகிறேன். ஒரு வேலையை ஒருவர் 12 நாளில் முடிப்பார், இன்னொருவர் 6 நாளில் முடிப்பார்; இருவரும் சேர்ந்து செய்தால் எத்தனை நாள்? வகுப்பில் இதைக் கேட்டால் முதலில் வரும் விடை 9. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கிவிடுவார்கள். ஒருவர் தனியாகவே 6 நாளில் முடிக்கும் வேலைக்கு, உதவிக்கு ஆள் வந்த பிறகு 9 நாள் ஆகுமா என்று கேட்டால் உடனே சிரித்துவிடுவார்கள். அதாவது புரிதலில் தடை இல்லை. முதலாமவர் ஒரு நாளில் செய்வது பன்னிரண்டில் ஒரு பங்கு, இரண்டாமவர் செய்வது ஆறில் ஒரு பங்கு என்று சொன்னால் அதையும் ஒப்புக்கொள்வார்கள். 1/12, 1/6 இரண்டையும் கூட்டு என்றால்தான் பேனா நிற்கும். சிலர் 2/18 என்று எழுதுவார்கள்.

அங்கேதான் தடை. "காலமும் வேலையும்" என்ற தலைப்பில் அல்ல, பகுதி எண் வேறாக இருக்கும் பின்னங்களைக் கூட்டுவதில். அதற்கும் கீழே போனால் மீச்சிறு பொது மடங்கு (மீ.சி.ம.) காண்பதில். 6க்கும் 12க்கும் மீ.சி.ம. 12. ஆறில் ஒன்று என்பது பன்னிரண்டில் இரண்டு. கூட்டினால் 3/12, அதாவது 1/4. விடை 4 நாள். ஆகவே இவருக்குப் படி எது? மூன்று நாள் மீ.சி.ம. மட்டும். அடுத்த மூன்று நாள் பின்னம் கூட்டல், கழித்தல் மட்டும். அதற்குப் பிறகு காலமும் வேலையும் இரண்டே நாளில் வந்துவிடும். மீ.சி.ம., சுருக்குதல் இரண்டுமே பாடத்திட்டத்தில் தனித் தலைப்புகள் என்பதால், அடித்தளம் போட்டதற்கே தனி மதிப்பெண்ணும் கிடைக்கும்.

இதைத்தான் நான் உடைப்பது என்கிறேன். ஒரு பெரிய விஷயத்தை எத்தனை துண்டாகப் போடலாம் என்று கேட்காதீர்கள். "இது வர வேண்டுமென்றால் இதற்கு முன்னால் எது தெரிந்திருக்க வேண்டும்?" என்று கேளுங்கள். பதில் தெரிந்ததும் அதையே மறுபடி கேளுங்கள். உங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒன்றில் போய்க் கால் பதியும். அதற்கு அடுத்தது உங்கள் இன்றைய படி.

தமிழுக்கு வேறு வழி. இங்கே ஒன்றின் மேல் ஒன்று அடுக்காக இல்லாமல், பக்கம் பக்கமாக நிறைய இருக்கும். இலக்கணத்தை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். 2024 இறுதியில் வந்த புதிய பாடத்திட்டப்படி 100இல் 25 கேள்விகள் இலக்கணம். பாடத்திட்டம் அவ்வப்போது மாறும் என்பதால், பழைய கைடு புத்தகத்தை நம்பாமல் தேர்வாணையத் தளத்தில் இருப்பதையே பிரிண்ட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளில் முடித்த தலைப்பை அடித்துக்கொண்டே போகலாம். சுவரில் ஒட்ட ஏற்றது அதுதான்.

உங்களைப் போன்ற வேலையில் இருப்பவர்களுக்கு நான் முதலில் கொடுப்பது வேர்ச்சொல். புத்தகமே வேண்டாம். காலையில் ஒரு வேர்ச்சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள், 'வா' என்று வைத்துக்கொள்வோம். வந்தான் வினைமுற்று, வந்து வினையெச்சம், வந்த பெயரெச்சம், வந்தவன் வினையாலணையும் பெயர், வருதல் தொழிற்பெயர். ஐந்தும் வாயில் வந்துவிட்டால் மறுநாள் 'தா', அதற்கு மறுநாள் 'செல்', 'கொள்', 'காண்'. கடைக்கு நடந்து போகும்போதும், சேலையை மடித்து அடுக்கும்போதும் இதைச் சொல்லிப் பார்க்கலாம். இரண்டு வாரத்தில் எந்த வேர்ச்சொல்லைக் கொடுத்தாலும் ஐந்தையும் சொல்வீர்கள். முடிந்தது என்று உங்களுக்கே தெரியும், யாரும் மதிப்பெண் போட வேண்டாம். ஐந்தில் குழப்பம் வருவது பெயரெச்சத்துக்கும் வினையாலணையும் பெயருக்கும் இடையில்தான். 'வந்த' என்பதற்குப் பின்னால் பையன், பேருந்து என்று ஒரு பெயர் வர வேண்டியிருக்கிறது. 'வந்தவன்' தானே பெயராக நின்றுவிடுகிறது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் போதும்.

செய்யுளும் உரைநடையும் படிக்கும்போது ஒரு இயலை ஒரு படியாக வைக்காதீர்கள், அது பெரிது. ஆறாம் வகுப்புத் தமிழின் முதல் இயலிலேயே பாரதிதாசன் பாடல், பெருஞ்சித்திரனார் பாடல், உரைநடை, துணைப்பாடம், எழுத்துகளின் வகை தொகை பற்றிய இலக்கணம் என்று ஐந்து இருக்கின்றன. ஒரு பாடல் ஒரு நாள். ஆசிரியரின் இயற்பெயர், சிறப்புப் பெயர், மற்ற நூல்கள், சொல்லும் பொருளும், பிரித்து எழுதுவது. பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, வெள்ளைத் தாளில் நினைவுக்கு வந்ததை எழுதுங்கள். படிப்பதற்கு 30 நிமிடம் என்றால் மூடிவைத்து எழுதுவதற்கு 15 நிமிடம். அந்த 15 நிமிடம் கசக்கும், மறந்தது எல்லாம் அப்போதுதான் தெரியும். ஆனால் திரும்பத் திரும்ப வாசிப்பதை விட இதில்தான் நிற்கும். எழுதி முடித்தால்தான் அந்தப் படி முடிந்தது. வாசித்தது கணக்கில் வராது.

பொது அறிவில் அதிக நேரம் நிற்க மாட்டேன். அரசியலமைப்பை முதலில் வையுங்கள், கணக்கைப் போலவே அதற்கும் எல்லை உண்டு. பகுதி 3, பிரிவு 12 முதல் 35 வரை அடிப்படை உரிமைகள் என்பது ஒரு படி. பகுதி 4, பிரிவு 36 முதல் 51 வரை நெறிமுறைக் கோட்பாடுகள் இன்னொன்று. 1976இல் 42ஆவது திருத்தம் சேர்த்த 10 அடிப்படைக் கடமைகளும், 2002இல் 86ஆவது திருத்தம் சேர்த்த பதினொன்றாவது கடமையும் ஒரே இரவில் முடியும். அறிவியலில் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் புத்தகங்களை முதலில் முடியுங்கள். நடப்பு நிகழ்வுகளுக்குத் தினம் மணிக்கணக்கில் செலவழிக்க வேண்டியதில்லை. செய்தித்தாளில் தமிழ்நாடு அரசின் திட்டம், விருது, நியமனம் மூன்றையும் குறித்து வைத்தால் போதும்.

இனி, படியின் அளவு. பெரும்பாலானோர் தவறுவது இங்கேதான். அட்டவணை எழுதும் அன்றைக்கு நமக்கு நல்ல தெம்பு இருக்கும், வீடு அமைதியாக இருக்கும். எல்லா நாளும் அப்படி இருக்கும் என்று வைத்து எழுதிவிடுவோம். கனடாவில் ரோஜர் பியூலரும் அவர் சகாக்களும் 1994இல் வெளியிட்ட ஆய்வில், பட்ட ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே மோசமாகப் போனால்? 49 நாள் என்றார்கள். உண்மையில் ஆனது 55 நாளுக்கு மேல். அதாவது 'மோசமாகப் போனால்' என்று நாம் போடும் கணக்கைக்கூட வாழ்க்கை தாண்டிவிடுகிறது.

அதனால் உங்கள் மோசமான நாளை வைத்து அளவு எடுங்கள். சம்பள வார ஞாயிறு, கடையில் நிற்க இடமில்லாத கூட்டம், உட்கார நேரமில்லாமல் நின்றே வேலை பார்த்துவிட்டு ஒன்பது மணிக்கு வீட்டுக்கு வருகிறீர்கள், சின்னவன் சாப்பிடாமல் அடம் பிடிக்கிறான். (கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021லேயே சட்டம் திருத்தியாகிவிட்டது. உங்கள் கடையில் இல்லையென்றால் கேளுங்கள். கால் வலியோடு இரவில் படிப்பு ஏறாது, இதுவும் தயாரிப்பில் சேர்ந்ததுதான்.) அந்த இரவிலும் செய்ய முடிகிறதா? ஒரு வேர்ச்சொல், ஒரு மீ.சி.ம. கணக்கு, அவ்வளவுதான் முடியும் என்றால் அதுதான் உங்கள் குறைந்தபட்சப் படி. நல்ல நாளில் காலை ஒரு மணி நேரம் கிடைத்தால் முழுப் படி. இரண்டு அளவையும் முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். களைத்த இரவில் உட்கார்ந்து முடிவெடுக்கும் வேலை அப்போது இருக்காது.

ஜவுளிக்கடையில் ஆடித் தள்ளுபடி, தீபாவளி, பொங்கல் மூன்றும் உங்களுக்குப் படிப்புக் காலம் இல்லை என்பதையும் இப்போதே ஏற்றுக்கொள்ளுங்கள். தீபாவளிக்கு முந்திய ஒரு மாதம் புதிதாக எதையும் தொடங்காதீர்கள். முடித்ததை மட்டும் திருப்பிப் பாருங்கள். வருடத்துக்கு 52 வாரம் என்று போடாமல், உங்களுக்கு 38, 40 வாரம்தான் என்று வைத்துக்கொண்டால் திட்டம் உடையாது. தவறிய நாளின் படியை மறுநாளோடு சேர்க்கக் கூடாது என்பது என் வகுப்பில் கண்டிப்பான விதி. விட்ட இடத்திலிருந்து தொடருங்கள், அவ்வளவுதான். வாரத்தில் ஒரு நாளை அட்டவணையில் வெறுமையாக விடுங்கள். பாக்கி இருந்தால் அன்றைக்கு, இல்லையென்றால் பிள்ளைகளோடு இருங்கள்.

அறிவிப்பு வந்த பிறகு தொடங்கலாம் என்று காத்திருப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2025 குரூப் 4 அறிவிப்பு ஏப்ரல் 25ஆம் தேதி வந்தது, தேர்வு ஜூலை 12. இடையில் 78 நாள். நாளுக்கு ஒன்றரை மணி நேரம் உள்ளவருக்கு அது முழுக்கத் திருப்புதலுக்கும் மாதிரித் தேர்வுக்கும் வேண்டிய காலம். அறிவிப்பு இல்லாத மாதங்களில்தான் உங்கள் படிகள் ஏற வேண்டும்.

அந்தக் கடைசிக் கட்டத்துக்கும் தனிப் படிகள் உண்டு. மூன்று மணி நேரம் என்பது 180 நிமிடம். கணக்குக்கு 40 நிமிடம் ஒதுக்கினால் மீதி 175 கேள்விகளுக்கு 140 நிமிடம், கேள்விக்கு 48 வினாடி. இதில் ஓஎம்ஆர் தாளில் வட்டம் நிரப்பும் நேரமும் அடக்கம். வீட்டில் விடையை நோட்டில் எழுதிப் பழகியவர்கள் ஹாலில் திணறுவது இந்த 200 வட்டத்தில்தான். அதனால் முதலில் 50 கேள்வியை 45 நிமிடத்தில் வட்டம் நிரப்பி முடிப்பது, அது வந்த பிறகு 100 கேள்வி, கடைசியாக முழுத் தாள் என்று ஏறுங்கள். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில் நடக்கும் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் பயிற்சி இலவசம். மாதிரித் தேர்வு இருக்கிறதா என்று நேரில் போய் விசாரியுங்கள்.

"பாஸ் ஆவது" என்பதை உங்கள் படிகளில் எங்கும் எழுதாதீர்கள். 2025 அறிவிப்பில் 3,935 இடங்கள், விண்ணப்பித்தவர்கள் 13 லட்சத்துக்கு மேல். 300க்கு 90 எடுத்தால் தகுதி என்பது விதி. வேலை கிடைக்க அது எங்கும் போதாது. எத்தனை மதிப்பெண்ணில் நிற்கும் என்பதை மற்றவர்களின் மதிப்பெண்ணும், அந்த வருட இடங்களும், இடஒதுக்கீட்டுப் பிரிவும் சேர்ந்து முடிவு செய்கின்றன. உங்கள் கையில் இருப்பது, மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒரு பழைய வினாத்தாளை மறுபடி எழுதி, "உறுதியாகத் தெரியும்" என்று குறி போட்டவை கூடியிருக்கின்றனவா என்று பார்ப்பது. கூடவில்லையென்றால் படியின் அளவிலோ, மூடிவைத்து எழுதுவதிலோ ஏதோ குறை. அதைச் சரி செய்யுங்கள், மணி நேரத்தைக் கூட்டாதீர்கள்.

வேலையை விடலாமா என்று கேட்டீர்கள். இப்போது வேண்டாம். வேலையை விட்டவுடன் பத்து மணி நேரம் படிப்பாக மாறும் என்பது நடப்பதில்லை. வீட்டு வேலை அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும், "சும்மாதானே இருக்கிறாய்" என்ற பேச்சும் வரும். சம்பளம் நின்றுவிட்டால் அடுத்த தேர்விலேயே வேலை வாங்கியாக வேண்டும் என்ற நெருக்கடி தலையில் ஏறிவிடும். அந்த நெருக்கடியில் உட்கார்ந்து மீ.சி.ம. படிக்க யாருக்கும் பொறுமை வராது. இப்போது கிடைக்கும் நேரத்தில் கணக்குத் தலைப்புகளையும் இலக்கணத்தையும் முடியுங்கள். ஒரு வினாத்தாளில் 200க்கு 130 கேள்வி உறுதியாகத் தெரியும் என்ற நிலை வந்து, தேர்வு அறிவிப்பும் வந்திருந்தால், கடைசி இரண்டு மாதத்துக்கு மட்டும் சம்பளமில்லா விடுப்போ அரை நாள் வேலையோ தருவார்களா என்று முதலாளியிடம் கேட்டுப் பாருங்கள். அந்த இரண்டு மாதச் செலவுக்கு இப்போதிலிருந்தே ஒரு சின்னச் சீட்டோ அஞ்சலகத் தொடர் வைப்போ போட்டு வையுங்கள். முதலில், வருகிற விடுமுறை நாளில் பிள்ளைகளை யாராவது மூன்று மணி நேரம் பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்துவிட்டு, பழைய வினாத்தாளை எழுதுங்கள்.